அண்ணன் சீவாமல் விட்ட ஓரம்

எங்கள் அண்ணன் கண்மூடி இன்றோடு முப்பத்தொரு நாட்கள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இதை எழுதும் கடமை எனக்கு வந்தது.

அண்ணன் புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஏழு. கண்டியில் ஓர் அலுவலகத்தில் லிகிதராக எழுத்து வேலை கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் டவுனுக்கு அழைத்து வந்தார். என்னைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். அவருக்குப் பெண் பார்க்கும் பேச்சை எடுத்தால், "மொத தங்கச்சிக்கு முடியட்டும்" என்பார். எனக்கு முடிந்தது. அதன் பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும்தான்.

அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அவர் தனி ஆள். ஓய்வு பெற்றதும் மரவேலையில் இறங்கினார். கலகெதரப் பக்கத்து மரக்காலையில் மாரா மரத்தை முழு அகலத்துக்கு அரியச் சொல்லி, பலகையாக வாங்கி வருவார். மாதக்கணக்கில் காயவிட்டு, பட்டையை உளியால் மெல்ல நீக்குவார். மரம் வளர்ந்த வளைவு இரண்டு ஓரத்திலும் அப்படியே நிற்க வேண்டும், அதை நேராக்கவே கூடாது, அதுதான் அந்த வேலை. இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. போய் உட்கார்ந்து கேட்டிருந்தால்தானே! ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, "வா தங்கச்சி, ஒன்னு காட்டணும்" என்பார். "அடுத்த கெழம வர்றேன் அண்ணே" என்பேன்.

என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், ஒரு மேசை செய்து லொறியில் அனுப்பினார். காய்ச்சல் என்று அவர் வரவில்லை. மேசையின் ஓரம் வளைந்து நெளிந்து கிடந்தது. சுவரோடு ஒட்டவில்லை. வயதாகிவிட்டது, பாவம், முடிக்க முடியாமல் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். சத்தமில்லாமல் நாமே முடித்துவிடுவோம் என்று எனக்கொரு கெட்டிக்காரத்தனம். பக்கத்துத் தெருவில் தச்சுவேலை செய்யும் பாஸைக் கூப்பிட்டு, இரண்டு ஓரத்தையும் நேராக அறுக்கச் சொன்னேன்.

மறுவாரம் அண்ணன் வந்தார். மேசையின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"ஓரம் எங்க தங்கச்சி?"

"கோணலா இருந்துச்சு அண்ணே. பாஸ வச்சு நேராக்கிட்டேன்."

"வெட்டின துண்டு?"

"அடுப்புல வச்சிட்டேன்."

அறுத்த ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு, "சரி, இப்ப செவத்தோட நல்லா ஒட்டி நிக்குது" என்றார்.

அவர் போன பின் என் மகள்தான் கைபேசியில் அந்த மாதிரி மேசைகளின் படங்களைக் காட்டி விளக்கினாள். அப்போதுதான் நான் செய்தது புரிந்தது. ஆனாலும் அவரே சரி என்றுவிட்டாரே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதன் பிறகும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அண்ணன் வந்தார். கதிரையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். "மேசையில வச்சு சாப்பிடுங்க அண்ணே" என்றால், "இதுவே வசதியா இருக்கு" என்பார். நான்கு வருடங்கள் இப்படியே போயின.

நெஞ்சு வலியென்று பேராதனை ஆஸ்பத்திரியில் எட்டு நாட்கள் இருந்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன். வானிலை பேசினோம், மகளின் பிள்ளையைப் பற்றிப் பேசினோம். ஒன்பதாம் நாள் விடியலில் போய்விட்டார்.

அங்கே அவரைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் போகாத நாட்களில் அவர் கதவைத் தட்டி "சாப்பிட்டீங்களா" என்று கேட்ட அயலவருக்குக் கைகூப்புகிறேன். அந்தப் பாஸுக்கும் நன்றி. கருமாதிக்கு அண்ணன் வீட்டைக் கழுவப் போனபோது, பின்பக்கம் சாக்கால் மூடியிருந்த பெரிய பலகையை உதவிக்கு வந்த அவர்தான் தூக்கி வெளியே வைத்தார். மேலே சுண்ணக்கட்டியால் "தங்கச்சி வீட்டுக்கு" என்று அண்ணனின் கையெழுத்து. இரண்டு ஓரத்திலும், வளைவுக்கு உள்ளே, அறுப்பதற்கென்று அடிமட்டம் வைத்து நேர்கோடு போட்டிருந்தார்.

"வெட்டவாம்மா?" என்று பாஸ் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

தெரியாம வெட்டிட்டேன் அண்ணே என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் அந்தக் கோட்டைப் போட்டிருக்கவே மாட்டார்.