ஆணி வரிசையில் நடந்த ராசாத்தி அக்கா

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி வந்து, என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தார். "ராசாத்தி போயிட்டாம்மா. விடியக்காலையில, ஆஸ்பத்திரியில" என்றார்.

காஜா பேராங் பகுதியில் எங்களோடு பாழடைந்த வீடுகளைப் பிரிக்கும் வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் ராசாத்தி அக்காவைத் தெரியும். அவருக்கு என்ன நடந்தது என்பது எனக்குத்தான் முழுதாகத் தெரியும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஓடுகளைத் துடைத்து அடுக்கப் போன முதல் நாளே, ஜப்பான்காரன் காலத்தில் ஆள் விட்டுப்போன ஒரு வீட்டின் வாசலிலேயே பயந்து நின்றுவிட்டேன். அக்காவுக்கு இருபத்தாறு வயது. வீட்டுக்காரர் அனுமதி கொடுத்த கடிதத்தைப் பார்க்காமல் அவர் உள்ளே கால் வைக்கமாட்டார்.

"படிக்கத் தெரியாது, என்னத்தப் பாக்குற?" என்று மண்டோர் சீண்டினார்.

"கையெழுத்து இருக்கான்னு பாக்குறேன் மண்டோரே. இல்லன்னா நாம திருடங்க."

பிறகு உள்ளே பார்த்து, மலாய்க்காரர்கள் தாத்தா பாட்டி ஆவிகளை அழைப்பதுபோல், "தாத்தோ, நெனே, பிள்ளைங்க வர்றோம்" என்று மூன்று முறை உரக்கச் சொன்னார். பேய்க்கா என்று மெல்லக் கேட்டேன்.

"பேய்க்கு மரியாத, பாம்புக்கு எச்சரிக்க. ரெண்டுக்கும் ஒரே சத்தம் போதும்டி."

மாடிப் பலகைகளில் ஆணி அடித்த வரிசைக்குக் கீழேதான் உத்தரம் ஓடும். அந்த வரிசையில் மட்டும் மூங்கில் கழியால் தட்டித் தட்டி நடப்பார். அவர் கால் வைத்த இடத்தில் நான் வைப்பேன். பலகை முனகினால், அவர் அடுத்த அடி வைத்த பிறகே நகர்வேன்.

மெர்டேக்கா சுதந்திர விழாவுக்காக ஊரெல்லாம் சாயம் பூசிக்கொண்டிருந்த வாரம். ஒரு வீட்டு மாடியில் பூசை அறை இருந்தது. சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தை இறக்கப் போனேன். நிலைப்படியில் என் கால்கள் தாமாகவே சப்பாத்தைக் கழற்றிவிட்டன. இரண்டாவது அடியில் துரு ஆணி பாதத்தில் ஏறியது.

என் அலறலைக் கேட்டு அக்கா ஓடிவந்தார். "சாமி சப்பாத்த மன்னிக்கும்டி. ஆணி யாரையும் மன்னிக்காது" என்று திட்டினார். அப்படித் திட்டியவரும் நிலைப்படியில் தன் சப்பாத்தை உதறிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். அப்போது எங்கள் இருவருக்குமே அது உறைக்கவில்லை.

என்னை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தார். ஊசி என்றால் எனக்கு உயிர் போகும்.

"சுண்ணாம்பு வெச்சா போதும்க்கா."

"துரு வெஷம் ஏறி வாய் பூட்டிக்கிட்டா சுண்ணாம்ப எங்கடி வெப்ப?"

எனக்கு ஊசி போட்டார்கள். அதன் பிறகு அக்கா தினமும் காலையில் வந்து, "வாயத் தொற" என்பார். திறக்க வருமோ வராதோ என்று பயந்துகொண்டே திறப்பேன். ஒன்பதாம் நாள் அவர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். குதிகாலில் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி, அன்று பூசை அறையில் அவருக்கும் ஆணி குத்திய இடம். "சிராய்னு நெனச்சேன்" என்றார், பல்லைப் பிரிக்க முடியாமல். அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு.

அக்கா எனக்குத் தைரியத்தை விட்டுப்போனார் என்று எழுத ஆசைதான். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது பயம். அந்தப் பயத்தில்தான் நேற்று வேலை முடிந்ததும் ஆண்கள் முன்னால் முதல்முறையாக வாய் திறந்தேன். "பாதத்தக் காட்டாம யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது" என்றேன். குரல் உடைந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மண்டோர் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினார். நான் குனிந்து பார்த்தேன்.