கல்வாழைக்குப் போன சாக்கடை

ஊர்க் கழிவுநீரைச் சுத்தம்செய்து மறுபடி பயன்படுத்த எந்த முறை தோதுப்படும் என்று யோசனை சொல்வது என் தொழில். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டால், அப்புறம் அவர் சாம்பாரைத் தொடமாட்டார். இதே தொழிலில் சிக்கியவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சின்னப் பேரூராட்சி என்னைக் கூப்பிட்டது.

கருவாட்டுக்கே வாடை

ஊர்ச் சாக்கடை மொத்தமும் கடற்கரை மணலில் வந்து தேங்கியது. பக்கத்திலேயே மீனவப் பெண்கள் கருவாடு காயப்போடுவார்கள். சாக்கடை வாடை ஏறிவிட்டது என்று செங்கல்பட்டு வியாபாரிகள் அவர்கள் சரக்கை ஒதுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஊர்க் கூட்டத்தில் கரும்பலகையில் தொட்டி, குழாய் எல்லாம் வரைந்து விளக்கினேன். அந்தப் பெண்கள் சார்பில் கன்னியம்மா எழுந்தார்.

"படமெல்லாம் நல்லாத்தாங் கீது. நாத்தம் போவுமா, போவாதா? அத்த மட்டும் சொல்லு."

ஓட்டல் மெஷின்

பேரூராட்சித் தலைவர் தணிகாசலத்துக்கு, காற்றை ஊதிக் கழிவுநீரைச் சுத்தம்செய்யும் கரண்டு மெஷின்மேல் ஆசை. நான் சொன்னது கல்வாழைப் பாத்தி. சரளைக்கல் நிரப்பிய பள்ளத்தில் கல்வாழையை நட்டு, வேர்களுக்கிடையே கழிவுநீரை மெல்ல ஓடவிட வேண்டும். இடம் அதிகம் பிடிக்கும், கரண்டு வேண்டாம்.

ஒரு ஓட்டலில் அந்த மெஷின் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தலைவரே என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். போன நேரம் கரண்டு இல்லை. மெஷின் சும்மா கிடந்தது, தொட்டி நாறியது. "ஜெனரேட்டர் இல்லியா?" என்றார் தலைவர். ஆபரேட்டர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கீது சார். அது ரூம் ஏசிக்கு. இதுக்கு எவன் டீசல் ஊத்துவான்?"

தலைவரின் கவலை

திரும்பும் வழியிலேயே தலைவர் கல்வாழைக்குச் சம்மதித்தார். பாத்தி வெட்டி நட்டோம். உப்புக்காற்றில் இலைகள் கருகி, பாதிச் செடிகள் தலைசாய்ந்தன. காற்றை மறித்தால் பிழைக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். மறுநாளே கன்னியம்மாவும் நாலைந்து பெண்களும் பனையோலை சுமந்து வந்து, கடல் பக்கமாகத் தட்டி கட்டினார்கள். தலைவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிறு பிடித்தார்.

"செடி பட்டுப்போச்சுன்னா, அடுத்த எலெக்சன்ல நானும் பட்டுப்போவேன், நைனா."

குழாய்முனையில்

செடிகள் பிழைத்தன. மழைக்காலத்துக்குள் ஆளுயரம் வளர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தன. பாத்தியைத் தாண்டி வந்த தண்ணீரைக் குழாய் போட்டுச் சவுக்குத் தோப்புக்குத் திருப்பினோம். கடற்கரை மணல் காய்ந்தது. விட்டுப்போன வியாபாரிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

ஒரு நாள் கன்னியம்மா குழாய்முனையில் குனிந்து தண்ணீரைக் கையில் ஏந்தினார். மோந்தார். இன்னொரு முறை மோந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன்போல நின்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"குடிக்க மட்டும் சொல்லாத. எங்க தெரு தென்னைக்கும் ஒரு குழா வுடு, அண்ணாத்த!"

நம் தொழிலில் பட்டம் வாங்கப் படித்தால் போதும். பாராட்டு வாங்கத்தான் யாராவது மோந்து பார்க்க வேண்டியிருக்கிறது.