ட்ரிப் மீட்டரை முடக்கிய கை

வாசகர்களே, நீங்களே சாட்சி. எங்கள் பழைய காரில் பெட்ரோல் முள் வேலை செய்யாது. ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஓடிய தூரத்தைக் கொண்டே மிச்சத்தைக் கணிப்பேன். சென்ற மாதம் சூரமங்கலத்தில் நிரப்பிக் கிளம்பியதும், அருகிலிருந்த நண்பன் கதிர், கார் ஓடும்போதே மீட்டரைப் பூஜ்யமாக்கும் குமிழை அழுத்தினான்.

அதன்பின் கொஞ்சம் ஓடி, மீட்டர் அறுபது கிலோமீட்டரிலேயே நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை; பெட்ரோல் நிறைய இருப்பதாகவே எண்ணினேன். சில நாள் கழித்து நாமக்கல் பட்டிமன்றத்துக்குத் தனியாகச் செல்கையில், ராசிபுரம் தாண்டிப் பெட்ரோல் தீர்ந்தது. நான் வராததால் எதிரணியில் பேசவிருந்த கதிருக்கே கோப்பை கிடைத்தது.

மெக்கானிக் மீட்டருக்குள் உடைந்திருந்த பல்சக்கரத்தைக் காட்டினார். "நாள்பட்ட பிளாஸ்டிக்குங்க. ஓடறப்ப அமுக்குனா பல்லு விரிசல் விட்டு, கொஞ்ச தூரத்துல போயிருமுங்க."

கதிர் சிரித்தான். "பஸ்ஸுல வந்திருக்கலாமில்ல, மாப்ள?"

இப்போதெல்லாம் வண்டி நின்ற பிறகே குமிழைத் தொடுகிறேன். அன்று அவனிடம் உரக்கவே சொன்னேன்: "அடுத்த மேடைக்கு உன்னய இதே கார்ல நானே கூட்டிட்டுப் போறேன். தோத்துட்டு நீ பஸ்ஸுல திரும்புவ."