அரசமரத்தடியில் காலி மேடை

ஒரு காலத்தில் புத்த பிக்குகள் யாத்திரை வந்த கோயிலில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு புத்தர் சிலைதான் என்று கேள்விப்பட்டு, கேளம்பாக்கத்தில் பஸ் இறங்கி அது இருக்கும் ஏரிக்கரை அரசமரத்தடிக்கு வருகிறேன். மேடை காலியாக இருக்கிறது. கோவளத்திலிருந்து மீன் விற்க வந்த பெண் ஒருவர், கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் மேடைமேல் தண்ணீர் ஊற்றுகிறார்.

“சிலை எங்கேக்கா?”

“சாமிய மியூசியத்துக்குத் தூக்கினு போய்ட்டாங்க சார். நானும் போய்ப் பாத்தேன். தலையெல்லாம் தூசி. தண்ணி ஊத்தப் போனா வாச்மேன் தொரத்துறான்.”

எந்த மியூசியம் என்று கேட்கிறேன். சொல்கிறார்.

“அந்தப் பக்கம் போனா ஒருவாட்டி எட்டிப் பாருங்க சார். தனியா குந்தினு கீது.”

“சரிக்கா” என்கிறேன். அந்த மியூசியம் என் வீட்டுக்கு எதிரே இருக்கிறது. அதன் மதில் நிழலில்தான் தினமும் வண்டியை நிறுத்துகிறேன். ஒருநாளும் உள்ளே போனதில்லை.