மூன்றாம் மாடிக் கிடா

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பூருல் பால்கனியில் ஆட்டுப் புழுக்கை கூட்டுவாள். ஒரு கையால் கிடாவின் கொம்பைப் பிடித்துக்கொள்வாள், மறு கையில் துடைப்பம். கொம்பை விட்டால் முட்டும். துணிக்கொடிக்கும் பழைய மிதிவண்டிக்கும் நடுவில், கொழுத்த வாலோடு நன்றாக வளர்ந்த செம்மறிக் கிடா அது. கீழே போகும் பேருந்துகளையெல்லாம் மேய்ப்பன் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு கவனமாகக் கூட்டினாலும் நாலு உருண்டை கம்பி இடுக்கு வழியாக விழுந்துவிடும். கீழே இரண்டாம் மாடி பால்கனி என்னுடையது. விழுவது என் பேரன் துணியில்.

“அடியே பூருல், உன் விருந்தாளி இன்னைக்கும் சீர் அனுப்பியிருக்கான்!” என்று நான் தலையை வெளியே நீட்டிக் கத்துவேன்.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. இன்னும் ரெண்டே நாள்.”

அந்த இரண்டு நாள் வாரக்கணக்கில் நீண்டுகொண்டிருந்தது. அறுத்தால் ஒரு மதியத்தில் தீர்ந்துவிடும் வேலை. அவளால் அறுக்கவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

பூருல் கணக்கு படித்தவள். படிப்பு முடித்த காலத்தில் எங்கள் கிர்கிஸ் நாட்டு ஓஷ் நகரில் கணக்குக்கு வேலை இல்லை, காலுறைக்குத்தான் இருந்தது. சந்தையில் சீனத்துக் காலுறை விற்றாள். அதற்கிடையே கம்ப்யூட்டர் பழகி, கடைசியில் ஒரு சங்கத்தில் சேர்ந்தாள். ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்கும் மரம் அறுக்கவும் போய், திரும்பாமலும் போன் பண்ணாமலும் ஆகிவிட்டவர்களைத் தேடித்தரும் சங்கம். காணாமல் போனவர்களின் டேட்டாபேஸை ஆரம்பத்திலிருந்து கட்டியவள் அவள்தான். ஆளின் பெயர், பிறந்த வருடம், ஊர், உயரம், கடைசியாகச் செய்த வேலை, உடம்பில் உள்ள அடையாளம். ஆஸ்பத்திரி, சிறை, பிணவறை எங்கிருந்தெல்லாம் விவரம் கிடைக்கிறதோ அதெல்லாம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பெரும்பாலும் ஒத்துப்போகாது.

அதைப் போனில் சொல்வதும் அவள் பொறுப்பு. அவள் புருஷன் தேமிர் மினி வேன் ஓட்டுகிறவன். “என் பொண்டாட்டிக்கு இல்லைன்னு சொல்றதுக்குத்தான் சம்பளம், அதனாலதான் வீட்டுலயும் அதையே சொல்றா” என்பான். ஆனால் அவள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முதலில் முட்டிவலி தேவலையா என்பாள். பிறகு பசு கன்று போட்டதா, உருளைக்கிழங்கு தோண்டியாச்சா. அதற்கப்புறம்தான், “இன்னும் ஒண்ணும் தெரியலம்மா” என்பாள். எதிர்முனையில் அழுகிறவர்கள் அழுது முடிக்கும் வரை போனை வைக்க மாட்டாள். சமையலறையில் சூப் சுண்டிப்போகும்.

நம் பக்கத்தில் நல்ல செய்தி கொண்டுவருகிறவருக்குச் சுயுஞ்சு கொடுக்காமல் அனுப்பக் கூடாது. பிள்ளை பிறந்தது, பையன் பட்டாளத்திலிருந்து திரும்பினான், தொலைந்த குதிரை கிடைத்தது என எதுவானாலும், சொன்னவர் கையில் துணியோ இனிப்போ ஏதாவது வைத்தாக வேண்டும். வாங்கியவர் மறுக்கவும் கூடாது, திருப்பித் தரவும் கூடாது. திருப்பித் தந்தால் செய்தி பொய் என்று அர்த்தம். அத்தனை வருடம் சங்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பூருலுக்கு ஒரு கைக்குட்டை கூடச் சுயுஞ்சாக வந்ததில்லை.

போன கோடையில் சங்கத்துக்குப் பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் டேட்டாபேஸில் ஏ.ஐ. சேர்க்கச் சொன்னார்கள். பூருல் ராவும் பகலுமாகப் படித்து அதையும் தானே செய்தாள். எனக்குப் புரியும்படி அவள் சொன்னது இதுதான்: ஒவ்வொரு ஆளின் விவரத்தையும் அது எண்களாக மாற்றி வைத்துக்கொள்ளும். யாராவது தன் ஆளைப் பற்றி எழுதினால் அதையும் எண்ணாக்கி, இருப்பதிலேயே எது இதற்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கும். எழுத்துப்பிழை, பெயரை மாற்றி எழுதியது எல்லாவற்றையும் தாண்டிக் கண்டுபிடிக்கும். பிறகு இன்னொரு பகுதி அதை வைத்துக் கடிதம் எழுதும். நல்ல கிர்கிஸில், குடும்பத்துப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல.

முதல் மாதத்திலேயே அது உஸ்கென் ஊரைச் சேர்ந்த ஒருவரைக் கண்டுபிடித்தது. வேறு பெயரில் புதைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குப் பூருல்தான் போன் பண்ணினாள். பசுவைப் பற்றி அன்று கேட்கவில்லை.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருந்தது. கிட்டத்தில் யார் என்றுதான் அதற்குத் தெரியும், ஒருவருமே இல்லை என்று சொல்லத் தெரியாது. பொருத்தம் இந்த அளவுக்குக் கீழே போனால் பேசாமல் இரு என்று அவள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். பணம் கொடுப்பவர்களுக்குச் செய்து காட்டும் நாளில் கேள்வி கேட்கக் கேட்கத் திரை வெறுமையாகவே நின்றது. சங்கத் தலைவர் மக்சத் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

“ஏம்மா, விருந்துக்கு வந்தவங்களுக்குக் காலித் தட்டா வைப்ப? அந்தக் கோட்டைக் கொஞ்சம் இறக்கு.”

“இறக்கினா கண்டவனையும் காட்டும், தலைவரே.”

“இன்னைக்கு ஒரு நாளுக்குத்தானே.”

இறக்கினாள். அந்த ஒரு நாள் முடியவே இல்லை. எல்லாரும் கைதட்டிவிட்டுப் போனார்கள். கடிதங்களை அவள் படித்துப் பார்த்து அனுப்பும் வழக்கத்தையும் மக்சத் நிறுத்திவிட்டு, நேரே குடும்பத்தாரின் போனுக்குப் போகும்படி செய்துவிட்டார். பழையபடி ஆக்கச் சொல்லி அவள் இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நானும் இருந்தேன். பூருல் மடிக்கணினியில், காணாமல் போனவன் போலத் தேமிரின் விவரத்தை எழுதிப் பார்த்தாள். நாற்பத்தொன்பது வயது, நடுத்தர உயரம், ஓட்டுநர், இடது முன்கையில் தீத்தழும்பு. தேமிர் அவளுக்கு எதிரே நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தான். அடுத்த நிமிடம் கடிதம் வந்தது: மகிழுங்கள், உங்கள் கணவரைப் பெரிதும் ஒத்த ஒருவர் சைபீரியாவில் ஒரு மர அறுவை ஆலையில் இருப்பதாகப் பதிவு உள்ளது.

“பரவாயில்லையே, அங்க ஹீட்டர் ஓடுதாமா?” என்றான் தேமிர். “நம்ம வீட்டு ரேடியேட்டர் செத்து ரெண்டு வருஷமாச்சு.”

நாங்கள் சிரித்தோம். பூருல் சிரிக்கவில்லை. “தழும்பைத்தான் பெருசா எடுத்துக்குது” என்றாள். தந்தூர் அடுப்புக்குள் கையை விட்டு ரொட்டி ஒட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த ஊரில் பாதிப் பேர் கையில் அந்தத் தழும்பு உண்டு. என் கையிலும் இருக்கிறது. அது இயந்திரத்துக்குத் தெரியாது.

அதற்கடுத்த வாரம்தான் கிடா வந்தது.

நோகாத் ஊரிலிருந்து உல்கன் என்ற அம்மாள் ஒரு வாடகைக் காரில், டிக்கியில் கிடாவோடு வந்து இறங்கினாள். டிரைவரும் தேமிரும் முன்னும் பின்னும் பிடிக்க, மூன்று மாடியும் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அது ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை முட்டியது. அம்மாள் மூச்சிரைக்க, “சுயுஞ்சு வாங்கிக்கோடி மகளே, சுயுஞ்சு!” என்று கூவிக்கொண்டே வந்தாள். பூருலைக் கட்டிப் பிடித்து நெற்றியை முகர்ந்தாள். அவள் மகன் ஷேராலி மாஸ்கோவுக்குக் கொத்து வேலைக்குப் போய் ஆறு வருடம். இப்போது போனில் கடிதம் வந்திருக்கிறது: வடக்கே ஓர் ஊர் ஆஸ்பத்திரியில், பேச்சில்லாத ஒரு மனிதர், கையில் தீத்தழும்போடு.

“அம்மா, உட்காருங்க. அது அவரேதான்னு எழுதலை. ஒத்துப்போற மாதிரி ஒருத்தர்னுதான்...”

“எனக்குப் படிக்கத் தெரியாதா? மகிழுங்கள்னு எழுதியிருக்கு. இத்தனை வருஷமா நீதான் போன் பண்ணுவ, என் முட்டியை விசாரிப்ப, மகிழுங்கன்னு என்னைக்காவது சொன்னியா? இப்ப சொன்னதை இல்லைன்னு சொல்லாத. வாய் முகூர்த்தம் கெட்டுப்போயிடும்.”

பூருல் கெண்டியை எடுத்தாள். தேநீர் ஊற்றினாள்.  அவள் முகத்தில் ஏதோ ஓர் ஒளி இருந்ததை நான் பார்த்தேன். அத்தனை வருடத்தில் முதல்முறை.

அம்மாள் போனபின் அவள் சும்மா இருக்கவில்லை. அந்தப் பதிவைத் தோண்டினாள். நாலு வருடத்துக்கு முன் யாரோ ஒரு தன்னார்வலர் எழுதி வைத்தது. அவர் எண் வேலை செய்யவில்லை. ரஷ்யாவில் அந்தப் பக்கம் டாக்சி ஓட்டும் பூருலின் மகன் நாள் முழுக்கப் பயணம் செய்து ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டான். அப்படி ஒருவரை வேறெங்கோ மாற்றினார்களாம், எங்கே என்று யாருக்கும் தெரியாதாம். ஷேராலிதான் என்பதற்கும் வழியில்லை, இல்லை என்பதற்கும் வழியில்லை.

மக்சத்திடம் போனாள். “மறுப்புக் கடிதம் அனுப்பணும், தலைவரே. இந்த மாதிரி எத்தனை போயிருக்கோ.”

“ஒண்ணை மறுத்தா எல்லாத்தையும் மறுக்கணும். அப்புறம் நம்மள யாரு நம்புவா, பணத்தை யாரு குடுப்பா? இருக்கிற தேடுதலும் நின்னுபோகும். அந்தம்மா சந்தோஷமா இருக்காங்க. விடும்மா.”

அவள் அந்தப் பொருத்தக் கோட்டை மறுபடி உயர்த்தி வைத்தாள். மறுநாள் காலையில் யாரோ அதை இறக்கியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை பகல். ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்கென்றே மாடி ஏறிப் போனேன். பூருல் வீட்டில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள், கைகளை மடியில் வைத்திருந்தாள்.

“உல்கன் அம்மாவோட மருமக, அக்கா. குல்பரா” என்றாள் பூருல். என் கையிலிருந்த துணியை யாரும் கவனிக்கவில்லை. நானும் உட்கார்ந்தேன்.

குல்பரா ரொட்டியைப் பிட்டாள், தின்னவில்லை. “கல்யாணமாகி நாலு மாசம் அவர்கூட இருந்தேன், அக்கா. அப்புறம் போயிட்டார். இந்த வசந்தத்துல மாமியாரே கூப்பிட்டு, போம்மா, உன் வாழ்க்கையைப் பாருன்னு சொன்னாங்க. என் அண்ணனுக்கும் ஆள் அனுப்பினாங்க. பிஷ்கெக்ல தையல் பட்டறையில எனக்கு மிஷின் ஒதுக்கி வெச்சிருந்தாங்க. நான் சீரா கொண்டுவந்த மெத்தை, பஞ்சுப் போர்வை எல்லாம் மூட்டை கட்டி வாசல்ல வெச்சாச்சு.”

“யாரு கட்டினா?” என்று கேட்டேன்.

“அவங்களே கட்டினாங்க, பெரியக்கா. அழுதுக்கிட்டே கயிறு போட்டாங்க. அன்னைக்கு மத்தியானம்தான் போன்ல கடிதம் வந்துச்சு. அவங்களே கயித்தை அவுத்தாங்க. சிரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் பழைய இடத்துல அடுக்கினாங்க. இப்ப ஊர்ல எல்லாரும் என்னைப் பாத்து, அதிர்ஷ்டக்காரிங்கறாங்க. பட்டறையில அந்த மிஷினை வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. இன்னொண்ணு காலியாகுது, அடுத்த வாரம் வரைக்கும் பாப்பாங்களாம்.”

பூருல் அவள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். “நான் உங்க அத்தைகிட்ட மறுபடி பேசிப் பாக்கறேம்மா.”

“பேச வேண்டாம், அக்கா. பேசினா காதுல விழாது.” குல்பரா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “கிடாவைத் திருப்பிக் கொண்டுவந்து விடுங்க. அது போதும். எங்க தெரு முனையில காரை விட்டு இறங்கி, கயித்தைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வாங்க. வாயைத் திறக்க வேண்டாம். ஊரே பாக்கும், ஊரே புரிஞ்சுக்கும். அவங்களும் புரிஞ்சுப்பாங்க.”

பால்கனிக் கதவில் கொம்பு இடிக்கும் சத்தம் கேட்டது.

“செத்துடுவாங்கம்மா” என்றாள் பூருல் மெதுவாக.

“ஒரு வாரம் படுப்பாங்க. அப்புறம் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுவாங்க. ஆறு வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“ஒருவேளை... அவராவே இருந்துட்டா?”

குல்பரா அவளையே பார்த்தாள். கோபம் இல்லை. “அதைத்தான் நான் உங்களைக் கேக்க வந்தேன். நீங்க செஞ்சது அது. உங்களுக்குத்தான் உள்ள தெரியும். அவர்தானா, அக்கா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. ஆமான்னா மூட்டையைக் கட்ட மாட்டேன். இல்லைன்னா இப்பவே கிடாவோட என்கூட வாங்க, கார் கீழ நிக்குது.”

பூருல் தேநீர்க் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். போனில் அத்தனை பேருக்கு அத்தனை வருடம் இல்லை என்று சொன்ன வாய் அது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். “சொல்லேண்டி” என்றேன். அவள் பால்கனிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குல்பரா காத்திருந்தாள். கிண்ணத்திலிருந்த தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டியது. பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை வருடி, “ஓமின்” என்றாள், விருந்து முடிந்து வேண்டிக்கொண்டு எழுகிறவள் போல. வாசலில் குனிந்து காலணியை மாட்டினாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, கிடா இல்லாமலே கீழே இறங்கிப் போனாள்.