அண்ணன் துடைத்த ஏணியும் அஞ்சலில் சேராத மனுக்களும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் முன்பக்கத்தில் அவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் உதட்டோரம் லேசாகச் சிரிப்பது போலத் தெரியும். போட்டோ ஸ்டூடியோக்காரர் கைவேலை என்று பல நாள் நினைத்திருந்தேன். போன மாதத்திலிருந்து அப்படி நினைக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்.

இப்படிப்பட்ட மலர்களில் என்ன எழுத வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார், பத்திரிகைகளில் அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால், திண்டுக்கல்லில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். என் கையால் பத்திருபது பேர் எறும்புக்கும் தீங்கு நினையாதவர்களாகியிருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் உயிரோடு இருந்தபோது என்னை அடிக்க வந்தவர்கள். சொந்த அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் பேனா முரண்டு பிடித்தது. எனக்கு அவர் மேல் கோபம். இருந்தாலும் முறைப்படியே தொடங்குகிறேன்.

அண்ணன் தாடிக்கொம்பு அருகே கத்தரியும் வெங்காயமும் பயிரிட்ட குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அப்பா இறந்தபோது அவர் ஐந்தாம் வகுப்பு. எனக்கு நடக்கத் தெரியாது. அவர் படிப்பை விட்டு ஏற்றம் இறைத்தார். பின்னர் டவுனுக்கு வந்து பஸ் கம்பெனி ஷெட்டில் ஸ்பானர் பிடித்தார். நான் மதுரைக்குப் போய்க் கல்லூரியில் படித்தேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் உள்ள தொடர்பை உறவினர்கள் அறிவார்கள். நான் மறந்தாலும் ஞாபகப்படுத்துவார்கள்.

நாடு சுதந்திரம் அடைந்து சில ஆண்டுகளில் அண்ணன் தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் சென்னையிலிருந்து பழைய ஏணி வண்டி ஒன்று வந்தது. அங்கே வேண்டாம் என்று கழித்ததை இங்கே மாலை போட்டு வரவேற்றார்கள். வண்டியின் முதுகில் மூன்றடுக்கு ஏணி படுத்திருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் கம்பி வடம் இழுக்க, ஓர் அடுக்குக்குள்ளிருந்து அடுத்த அடுக்கு வழுக்கிக்கொண்டு மேலே போகும். அதைப் பராமரிக்கும் பொறுப்பு அண்ணனுக்கு வந்தது. வண்டியை ஓட்டும் பொறுப்பு டிரைவர் ஆரோக்கியத்துக்கு. இருவரும் ஒரே வயது. ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள்.

சனிக்கிழமை தோறும் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஏணியை முழுதாக நீட்டிச் சாய்த்து வைப்பார்கள். நம் ஊர் செம்மண் புழுதியும் புகையிலைத் தூசியும் கிரீஸில் ஒட்டினால் கல்லாகிவிடும். அண்ணன் அடுக்குகள் வழுக்கும் தடங்களில் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷை விட்டுப் பழைய கிரீஸைப் பிடுங்கி எடுப்பார். பிறகு வெள்ளை வேட்டித் துணியால் துடைப்பார். துணி அழுக்கில்லாமல் வரும்வரை விடமாட்டார். அதன் பிறகுதான் புது கிரீஸ். அதையும் விரலால், நெற்றிக்குத் திருநீறு பூசுகிற கனத்தில்தான் வைப்பார். கால் வைத்து ஏறும் படிகளில் ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது. கம்பி வடத்தைத் துணியால் பிடித்து நெடுக உருவுவார். எங்கேயாவது துணியின் நூல் சிக்கினால் உள்ளே ஓர் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் ஏணியை மூன்று தடவை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு தடவையும் பிதுங்கி வருகிற கிரீஸைத் துடைத்தெடுப்பார்.

"இம்புட்டுப் பாடு எதுக்கு மாப்ள? மேலால ரெண்டு கை கிரீஸ அப்பிவிட்டாப் போகாதா?" என்று ஆரோக்கியம் கேட்பார்.

"அழுக்கு கிரீஸ் மேல புது கிரீஸ் போடுறது பல்லு விளக்காம வெத்தல போடுற மாதிரி. வாய் செவக்கும், நாத்தம் போகாது."

"நான் அப்படித்தான் போடுறேன்."

"அதான் தள்ளி நிக்கிறேன்."

நயா பைசா வந்த புதிது. என் மகனுக்குப் பழனியில் முடியெடுத்துக் காது குத்த ஏற்பாடு செய்தேன். தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது வழக்கம். என் மைத்துனர் அப்போது பர்மாவிலிருந்து திரும்பாததால், அண்ணன் மடிதான் என்று நானே முடிவு செய்தேன். அவர் விடுப்புக்குத் தயங்கினார். "ஏணிக்கு ஒரு வாரம் காய்ச்சலா வந்துரப் போகுது?" என்று கேலி பண்ணி இழுத்துப் போனேன். மேலதிகாரி ஒருவர் நிலையத்தைப் பார்வையிட வரப்போகிறார் என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

நாங்கள் பழனியில் இருந்த அந்த வாரம் யாரோ ஒருவர் ஏணிக்கு வெள்ளி பெயிண்ட் அடித்துவிட்டார். படி, சட்டம், வழுக்குத் தடம் ஒன்றையும் விடவில்லை. அதற்கு மேல் தாராளமாகக் கிரீஸ். மேலதிகாரி வந்து, கண் கூசுகிறதே என்று பாராட்டிவிட்டுப் போனார். ஏணியை யாரும் நீட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் தீப்பிடித்தது. ஏணியை ஏற்றினார்கள். காய்ந்தும் காயாமலும் இருந்த பெயிண்ட் உரிந்து, கிரீஸோடு உருண்டு தடத்தை அடைத்துவிட்டது. மாடி ஜன்னலுக்கு ஓர் ஆள் உயரம் கீழே ஏணி நின்றுவிட்டது. மேலேயிருந்த தொழிலாளி ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டுக் குதித்தார். உயிர் தப்பியது. இடது கால் பழையபடி ஆகவில்லை. சின்னாளப்பட்டியில் இருக்கும் அவர் இன்றும் விந்தித்தான் நடக்கிறார்.

மறுநாள் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சேதி வந்துவிட்டது. அண்ணன் மொட்டைத் தலையோடு, பஞ்சாமிர்த டப்பாவை என் கையில் திணித்துவிட்டு நிலையத்துக்குள் போனார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றேன். அரைமணி நேரம் கழித்து வந்தார். வலது ஆள்காட்டி விரலில் வெள்ளிச் செதில் ஒட்டியிருந்தது.

"யார் அடிச்சதுண்ணே?"

"தெரியலப்பா. வா போவோம்."

விசாரணை நடந்தது. அண்ணனை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஊரில் பேச்சு கிளம்பியது. டீக்கடையில் என் காதுபடவே, "பூசுறவன் ஒழுங்காப் பூசியிருந்தா அந்தாளு கால் போயிருக்குமா?" என்றார்கள். பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர்கள்கூடப் பேச்சை மாற்றினார்கள். நான் கொதித்துப்போனேன். பழனிக்குப் போன மனிதர் திண்டுக்கல்லில் எப்படி பெயிண்ட் அடிப்பார்? உட்கார்ந்து மனு எழுதினேன். லாட்ஜ் ஏட்டில் அவர் பெயர் இருந்ததற்கு அத்தாட்சி வாங்கினேன். உண்மையில் பெயிண்ட் அடித்தது யார் என்று கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டேன்.

மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவர் அண்ணன். வாங்கிப் படித்துப் பார்ப்பார். "நல்லா இருக்கப்பா" என்பார். கையெழுத்துப் போட்டு, தபாலாபீஸ் தன் வழியில்தான் இருக்கிறது என்று எடுத்துப் போவார். சில மாதம் கழித்துக் கேட்பேன்.

"பதில் வந்துச்சாண்ணே?"

"வரும்."

"போட்டீங்கல்ல?"

"போட்டேன்பா. சர்க்கார் காரியம், செத்த பொறுக்கணும்."

ஏழு ஆண்டில் ஒன்பது மனுக்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட உருக்கமானது. ஒன்பதாவதை எழுதும்போது நானே அழுதேன். அண்ணன் மனைவி, என் மதினி, காபி கொண்டுவந்து வைத்து, "ஒடம்பப் பாத்துக்கங்க தம்பி" என்றார். பதில் வராத கோபத்தில், மனுக்களைத் தலையணையாக வைத்துத் தூங்கும் அதிகாரிகளைப் பற்றிப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினேன். நான் கொஞ்சம் பேர் வாங்கியதே அந்தக் கட்டுரைகளால்தான்.

அண்ணன் ஒரு நூற்பாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் ஆளாகச் சேர்ந்தார். அங்கேயும் துணி அழுக்கில்லாமல் வரும்வரை துடைத்தார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியது. இருமல் நிற்கவில்லை. கடைசி மூன்று மாதமும் ஆரோக்கியம்தான் ஆஸ்பத்திரியில் அண்ணன் பக்கத்தில் இருந்தார். நான் பள்ளிக்கூடம் முடிந்து போவேன். இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். சிநேகிதம் என்றால் இதுவல்லவா என்று வியந்துவிட்டு, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வருவேன்.

இதுவரை நல்ல மலர்க் கட்டுரைதான். இங்கே நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

போன மாதம் இந்த மலருக்காக அந்தப் படத்தைத் தேடி அண்ணனின் தகரப் பெட்டியைத் திறந்தேன். படம் இருந்தது. அதற்கடியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, வரிசைக்கிரமமாக, ஒன்பது உறைகள். விலாசம் என் கையெழுத்து. தபால் தலை ஒட்டியிருந்தது, முத்திரை இல்லை. முதல் நாலு உறைகளில் நான் என் செலவில் ஒட்டிய தலைகள்கூட அப்படியே இருந்தன.

மதினியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பதறவில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா மதினி?"

"தெரியும் தம்பி."

"நான் எழுதுறப்பவே?"

"எழுதுறது ஒங்களுக்கு ஆறுதலா இருந்துச்சு. விட்டுட்டோம்."

அங்கிருந்து நேரே ஆரோக்கியம் வீட்டுக்குப் போனேன். உறைகளைப் பார்த்ததும் அவர் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டுத் தான் நின்றார்.

"பெயிண்ட் அடிச்சது நாந்தேன் வாத்தியாரே. ஆபீசர் வாராரு, மாப்ளைக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாது, பளபளன்னு இருக்கட்டும்னு அடிச்சேன். நல்லதுன்னு நெனச்சு உள்தடத்துலயும் விட்டேன்."

"அப்புறம்?"

"எனக்கு அதுக்கு முன்னால ரெண்டு மெமோ. மூணாவது வந்தா வீட்டுக்குத்தான். அஞ்சு புள்ளைக. மாப்ளைக்கு ஒரு மெமோகூடக் கெடையாது. 'எனக்குன்னா திட்டிட்டு விட்ருவாக, நீ பேசாம இரு'ன்னாரு. 'பழனிக்குப் போறதுக்கு முன்னால நாந்தான் அடிச்சேன்'னு மாப்ளயே எழுதிக் குடுத்துட்டாரு. காலு போன கேஸ்னு ஆனதுல அவர நீக்கிட்டாக. நான் போயி உண்மையச் சொல்றேன்னேன். இப்பப் போனா ரெண்டு பேரு வேலையும் போகும், ஒக்காருலேன்னுட்டாரு."

"நீங்க ஒக்காந்துட்டீங்க."

"ஒக்காந்துட்டேன்."

நான் அவரை வைவதற்கு வார்த்தை தேடினேன். ஒன்பது மனுக்களில் செலவழித்ததுபோக எதுவும் மிச்சமில்லை. அவர்தான் கடைசியில் சொன்னார்: "வேலையில இருந்து ஓய்வாகியாச்சு. எம் பேரைப் போட்டே எழுதுங்க. சின்னாளப்பட்டிக்காரர நானே போயிப் பாத்துட்டேன். வாசல்ல நிக்க வச்சுப் பேசுனாரு. உள்ள கூப்பிடல."

அண்ணன் செய்தது தியாகம் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். பிறருடைய மலர் என்றால் நானும் அந்தச் சொல்லைத்தான் போட்டிருப்பேன். அவர் சிநேகிதனிடம் உண்மையாக இருந்தார், மதினியிடம் உண்மையாக இருந்தார். ஏணியின் ஓர் இழை அறுந்தால்கூட அவருக்குத் தெரிந்தது. ஏழு ஆண்டுகள் ஊரெல்லாம் அவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டு திரிந்த ஒரே ஆள், வீட்டில் உண்மை தெரியாத ஒரே ஆள், அவர் படிக்க வைத்த தம்பி. "நல்லா இருக்கப்பா" என்று அவர் சொன்னது மனுவையா, என்னையா என்று யோசித்து ஒரு மாதமாகத் தூங்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை? இதை மட்டும் அவரிடம் கேட்க முடியாமல் போனது.

இனி நன்றிகள். கட்டணம் பாராமல் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், மழையில் பாடை சுமந்த ஆலைத் தொழிலாளர்களுக்கும், கருமாதி நாளில் வீட்டைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, வாயில் கஞ்சி ஊற்றிய டிரைவர் ஆரோக்கியத்துக்கும் நன்றி சொல்கிறேன். அதற்கு மேல் இப்போதைக்கு என்னால் முடியவில்லை. மனுக்கள் தொடர்பாக நான் ஏழாண்டுகள் ஏசிய அலுவலகத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த ஒன்பதும் உங்களிடம் வரவேயில்லை. மற்றவற்றைப் பற்றி எழுதியதில் மாற்றமில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை மதினிக்குப் படித்துக் காட்டினேன். அண்ணன் பெயர் சுத்தமாக வேண்டும், அதற்கு வேறு வழியில்லை என்றேன். அவர் முழுவதும் கேட்டார். ஆரோக்கியத்தை வைகிற இடத்தில் மட்டும் ஒரு வரியைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். பிறகு கேட்டேன்.

"ஏன் மதினி என்கிட்ட மட்டும் சொல்லல?"

முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"நான் கேட்டேன் தம்பி. 'தம்பிகிட்ட சொல்லிறலாம்ல, பாவம்'னு. 'அவன் நல்லவன்தான், ஆனா எழுதிப்புடுவான்'னு சொன்னாக."

அதையும் இங்கே எழுதிச் சேர்த்தேன். மறுநாள் காலை அச்சகத்துக்குப் போய் முந்நூறு பிரதிக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.