ஜரிகை வைத்த பொத்தான் செல்

ஒன்பது வோல்ட் செல்லை நாக்கு நுனியில் வைத்தால் ஒரு புளிப்பு சுரீரென்று ஏறும். புளியங்கொழுந்தைத் துருப்பிடித்த ஆணியோடு சேர்த்து மென்றதுபோல இருக்கும். பட்டு நெசவு நடக்கும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருப் பையன்களுக்கு மின்சாரவியல் என்பது அவ்வளவுதான். புளித்தால் உயிர் இருக்கிறது, புளிக்காவிட்டால் "டெட்டு". டார்ச்சில் ஓய்ந்த "பென்சில் செல்"லை ஓட்டின் மேல் வெயிலில் காயவைத்து, மறுநாள் கடிகாரத்தில் போட்டு, கடிகாரமும் கைவிட்ட பிறகுதான் குப்பையில் எறிவோம்.

இந்த மகத்தான கல்வியோடு வளர்ந்தவன் இன்று இரண்டு டிஜிட்டல் கேமராக்கள் வைத்திருக்கிறேன். இரண்டிலும் சுமாராகத்தான் எடுப்பேன். இரண்டுக்கும் வேறு வேறு லித்தியம் பேட்டரி, வேறு வேறு சார்ஜர். ஒரே கம்பெனி செய்ததுதான், ஆனாலும் ஒன்றின் பேட்டரி மற்றதில் நுழையாது, பங்காளிச் சண்டை. ஒன்றினுள் சில்லு வேறு வைத்திருக்கிறார்கள். வெளிக் கடையில் வாங்கிய பேட்டரியைப் போட்டால், இது யாரென்றே எனக்குத் தெரியாது என்று திரையில் எழுதிக்காட்டுகிறது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வருகிறவர்களைக்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை. இதற்கு முந்தைய கேமராவுக்கு நான்கு பென்சில் செல் வேண்டும். சாதா செல் நாலு படத்தில் படுத்துவிடும். அல்கலைன் அதைவிட நெடுநேரம் தாங்கும், ஆனால் போகப்போகத் தளரும். சார்ஜ் ஏற்றுகிற வகை ஒன்றரை வோல்ட் தராது, தருகிற கொஞ்சத்தைக் கடைசிவரை ஒரே சீராகத் தரும். ஆளுக்கு ஒரு குணம். இதைக் கடைக்காரர் யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு விசேஷத்தைக் கோட்டைவிட்டுத்தான் கற்றேன்.

ஆனால் என் கோபம் இவற்றின் மேல் அல்ல. சட்டைப் பொத்தான் அளவே இருந்த ஒரு செல்லின் மேல். நடந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

மும்பைத் துறைமுகத்தில் வேலையாயிருந்த மாமா, என் அக்கா மல்லிகாவுக்கு ஒரு பழைய கேமரா கொண்டுவந்து கொடுத்தார். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. கேமராவின் ஜன்னலுக்குள் பார்த்தால் ஓரத்தில் ஒரு முள் தெரியும். வெளிச்சம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். அந்த முள்ளைப் பார்த்துத்தான் லென்ஸுக்குள் இருக்கிற துவாரத்தை விரிப்பதும் சுருக்குவதும். முள்ளுக்கு உயிர் கொடுப்பது அடியில் இருந்த பொத்தான் செல். பாதரசச் செல் என்று அதன் முதுகில் எழுதியிருந்ததாம். நாங்கள் யாரும் படிக்கவில்லை.

அந்தக் கேமராவால் அக்காவுக்கு ஒரு வழி திறந்தது. மஞ்சள் நீராட்டு விழாவில், பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில், ஸ்டுடியோக்காரர் காலைப் பரப்பி நின்று ஃபிளாஷ் அடிப்பது எங்கள் தெருப் பெண்களுக்குப் பிடிக்கவில்லை. அங்கே படம் எடுக்க ஒரு பொம்பளை வேண்டுமென்று நாலைந்து பேர் ஸ்டுடியோவுக்கே போய்ச் சொன்னார்கள். ஸ்டுடியோக்காரருக்கு அது கசந்தது. ஆனால் நாலு வீட்டு வேலை கைநழுவும் என்பதால், எங்கள் பெரியப்பா மகளின் விழாவை மல்லிகா எடுக்கட்டும், படம் நன்றாக வந்தால் இனிமேல் பெண்கள் பக்கத்து வேலையெல்லாம் அவளுக்கே என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். அக்கா அன்றைக்கே கேமராவுக்கு ஒரு தோல்பை தைக்கச் சொல்லிவைத்துவிட்டாள். நாள் முழுக்கத் தறியில் உட்காருவதைவிட நாள் முழுக்க நிற்பது மேல் என்று அம்மாவிடம் சொன்னாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு முள் படுத்துவிட்டது. பழைய செல்லை எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் ஸ்டுடியோவுக்குப் போனோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேஜையிலிருந்து கொஞ்சம் சின்னதாக ஒரு கடிகாரச் செல்லை எடுத்து நீட்டினார். அளவு வேறாக இருக்கிறதே என்று அக்கா கேட்டாள்.

"எல்லாம் செல்லுதாம்மா. ஒன்னு குண்டு, ஒன்னு ஒல்லி. உள்ள இருக்கிற கரண்டு ஒன்னுதான்."

வீட்டுக்கு வந்து போட்டால் அது பள்ளத்துக்குள் கடகடவென்று ஆடியது, முள் அசையவில்லை. அப்போது அக்கா செய்ததை வேறு எந்த ஊர்க்காரியும் செய்திருக்க மாட்டாள். தறியடியில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுத்தாள். பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசிய அசல் ஜரிகை. அதைச் சின்ன வட்டமாகச் சுருட்டிப் பள்ளத்தின் அடியில் வைத்து, மேலே செல்லை வைத்து மூடினாள். முள் துள்ளி எழுந்தது. வெள்ளியில் மின்சாரம் ஓடும் என்று அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இன்று சேலைகளில் வருகிற பிளாஸ்டிக் ஜரிகையை வைத்திருந்தால் முள் அசைந்தே இருக்காது. அப்படி அசையாமல் இருந்திருந்தாலாவது பிழைத்திருப்போம்.

விழாவில் அக்கா ஒரு ரோல் முழுவதும் எடுத்தாள். கீற்றுப் பந்தலின் நிழலில், ஒவ்வொரு தடவையும் முள்ளைப் பார்த்து, முள் சொன்னபடி துவாரத்தைச் சுருக்கி, நிதானமாக எடுத்தாள். பெண்கள் கூச்சமில்லாமல் சிரித்தார்கள். எங்கள் பெரியம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

ஒரு வாரம் கழித்துப் படங்கள் சென்னையில் கழுவி வந்தன. நானும் அக்காவும் நிற்க, ஸ்டுடியோவில் வைத்துத்தான் உறையைப் பிரித்தார்கள். முப்பத்தாறும் சேற்றுத் தண்ணீருக்குள் எடுத்ததுபோல இருந்தன. நலங்கு வைக்கிற கை தெரிந்தது, முகம் இல்லை.

"இன்னாமா, மஞ்சத் தண்ணிய புடிக்க சொன்னா கிரகணத்த புடிச்சிக்கினு வந்துக்கிற" என்றார் ஸ்டுடியோக்காரர். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், கூட்டத்தில் யாரோ, "அமாவாசை ஸ்டுடியோ" என்றார்கள். அதற்குத்தான் பெரிய சிரிப்பு. அந்தப் பெயர் அக்காவுக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர்க் குழாயடியிலும் அதுதான், அவளைப் பெண் பார்க்க வந்த வீட்டார் காதிலும் அதுதான். பெண்கள் பக்கத்து வேலை பேச்சே இல்லாமல் பழையபடி ஸ்டுடியோக்காரரிடம் போயிற்று. அக்கா கேமராவைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். தோல்பையை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் வந்தபோது வேண்டாமென்று சொல்லி அனுப்பினாள்.

காரணம் எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆயிற்று, அதுவும் வேறு எதையோ படிக்கப் போய். பாதரசச் செல் தருவது ஒன்று புள்ளி மூன்று ஐந்து வோல்ட். சாகிற வரையில் இம்மி குறையாது. கேமராவின் முள் அந்தக் கணக்குக்குத்தான் செய்யப்பட்டது. கடிகாரச் செல் ஒன்றரைக்கும் மேல் தரும். அந்தச் சின்ன அதிகப்படி போதும், முள் இருக்கிற வெளிச்சத்தைவிடக் கூடுதலாக வெளிச்சம் இருப்பதாகப் பொய் சொல்லும். அக்கா அதை நம்பித் துவாரத்தைச் சுருக்கினாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பான சாட்சியை நம்பியதைத் தவிர. ஸ்டுடியோக்காரரின் சொந்தக் கேமராவிலும் பாதரசச் செல்தான் இருந்தது என்றும், மாற்றுச் செல் ஒன்று அவர் இழுப்பறையிலேயே எப்போதும் கிடக்கும் என்றும், அவரிடம் வேலை பார்த்தவர் பின்னாளில் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு ரத்தம் கொதிக்கிறது. திட்டலாம் என்றால் ஸ்டுடியோக்காரர் உயிரோடு இல்லை. அந்த ஸ்டுடியோவும் இல்லை. இப்போது அங்கே போன் உறைகள் தொங்குகின்றன. பாதரசம் நஞ்சு என்று அந்தச் செல்லை உலகமெங்கும் நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான், அதற்காகவும் எனக்குக் கோபம்.

போன மாதம் ஐயம்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போது அந்தக் கேமராவுக்கென்றே ஒரு வளையம் விற்கிறார்கள். சின்னச் செல்லை அதற்குள் வைத்தால் அது வோல்ட்டை ஒன்று புள்ளி மூன்று ஐந்துக்குக் குறைத்துக் கொடுக்கும். பரணில் கிடந்த கேமராவில் அதைப் பொருத்தி எடுத்துப் போய், அக்கா முன்னால் உட்கார்ந்து, முள்ளையும் பாதரசத்தையும் ஸ்டுடியோக்காரரின் இழுப்பறையையும் ஒரு வக்கீலைப்போல அரைமணி நேரம் விளக்கினேன். அக்கா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"செல்லு பொய் சொல்லிச்சி, சரி. அந்த ஆளு தெரிஞ்சே குடுத்தாரு, அதுவும் சரி. அமாவாசை ஸ்டுடியோன்னு சொன்னியே நீ, அது எத்தன வோல்ட்டுப்பா?"

யாரோ என்று மேலே எழுதியிருக்கிறேன். யாரோ இல்லை. பெரியவர்கள் நிறைந்த ஒரு அறையை நான் சிரிக்கவைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதன் ருசியில்தான் இத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கேமராவை எடுத்தாள். கண்ணில் வைத்து, வெளிச்சம் வருகிற ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என்மேல் திருப்பினாள். முள் ஆடுகிறது என்றாள். உள்ளே ஃபிலிம் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவள் துவாரத்தை நிதானமாகச் சரிசெய்து முடிக்கும் வரைக்கும் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.